ஐசன்ஸ்டீனின் இவான்: விளக்கும் வாசலும் வண்ணமும்

நேயர்களுக்கு வணக்கம்.

1946ஆம் ஆண்டு ஜனவரியில் சோவியத் அரசு ஒரு திரைப்படத்துக்கு ஸ்டாலின் பரிசு கொடுத்தது. அதுவும் முதல் வகுப்புப் பரிசு. அதே ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி, அதே படத்தின் இரண்டாம் பாகத்தைக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு தன் தீர்மானத்தில் கண்டித்தது. இயக்குநர் மாறவில்லை. கதாநாயகன், இசையமைப்பாளர், ஒளிப்பதிவாளர்கள் யாருமே மாறவில்லை. எட்டு மாதத்துக்குள் பாராட்டு எப்படிக் கண்டனமாக மாறியது? செர்கெய் ஐசன்ஸ்டீனின் ‘இவான் தி டெரிபிள்’ படத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் அரசியலில் தொடங்கி அரசியலிலேயே முடித்துவிடுவோம். ஆனால் இந்தக் கேள்விக்கான விடை விளக்கு வைத்த கோணத்திலும், வாசல் கட்டிய உயரத்திலும், பாட்டுக்கு வெட்டிய ஷாட்டிலும் இருக்கிறது. முதல் பாகத்தில் ஜாரை உயர்த்திக் காட்டிய அதே கருவிகளை வைத்துத்தான் இரண்டாம் பாகத்தில் ஐசன்ஸ்டீன் அவரை விசாரிக்கிறார். இன்றைய உரை அதைப் பற்றியது.

முதலில், படம் எப்படி வந்தது என்று பார்ப்போம். 1941 ஜனவரியில் கட்சித் தலைமையே கேட்டு வாங்கிய படம் இது. கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷ்தானவ் மூலம் உத்தரவு வந்தது. 16ஆம் நூற்றாண்டின் ஜார் நான்காம் இவான், பிரபுக்களை அடக்கி ரஷ்யாவை ஒரே அரசாக இணைத்த மாபெரும் ஆட்சியாளர் என்று காட்ட வேண்டும். ஸ்டாலின் விரும்பியது அதைத்தான். ஐசன்ஸ்டீனுக்கும் அப்போது வேறு வழி அதிகமில்லை. 1937இல் அவருடைய ஒரு படம் பாதியிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு வந்த ‘அலெக்சாந்தர் நெவ்ஸ்கி’தான் அவரைத் தூக்கி நிறுத்தியது. அதில் நாயகனாக நடித்த நிக்கோலாய் செர்காசோவே இவானாகவும் நடிக்க வந்தார்.

ஜூனில் ஜெர்மனி படையெடுத்தது. அக்டோபரில் மாஸ்ஃபிலிம் ஸ்டூடியோ மாஸ்கோவைவிட்டுக் கிளம்பி, கசாக்ஸ்தானின் அல்மா-அதாவுக்கு இடம்பெயர்ந்தது. படப்பிடிப்பு தொடங்கியது 1943 ஏப்ரலில். பகலில் மின்சாரம் போர்த் தொழிற்சாலைகளுக்குப் போய்விடும். அதனால் அரங்கக் காட்சிகளைப் பெரும்பாலும் இரவில்தான் எடுக்க முடிந்தது.

இதை வெறும் சிரமக் கதையாகச் சொல்லவில்லை. ஐசன்ஸ்டீனுக்குப் பிடித்த சட்டகம் எது என்று பாருங்கள்: முன்னால் ஒரு முகம், மிக அருகில், பின்னால் வெகு தொலைவில் ஒரு கூட்டம், இரண்டும் துல்லியமாகத் தெரிய வேண்டும். இதற்கு அகலக் கோண லென்ஸ் வேண்டும், லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரையும் சுருக்க வேண்டும். அதன் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும். அபெர்ச்சரை 2.8இலிருந்து 8க்குக் கொண்டுபோனால் எட்டு மடங்கு வெளிச்சம் தேவைப்படும். அன்றைய ஃபிலிமின் வேகமும் குறைவு. ஆகவே வெளிச்சம் என்றால் மின்சாரம், மின்சாரம் என்றால் இரவு. இந்தப் படத்தின் ஆழமான அரங்கக் காட்சிகளுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

வெளிப்புறக் காட்சிகளை எடுத்தவர் எடுவார்த் திஸ்ஸே, ஐசன்ஸ்டீனின் பழைய கூட்டாளி. அரங்கக் காட்சிகளை எடுத்தவர் லெனின்கிராடிலிருந்து வந்த அந்திரேய் மோஸ்க்வின். இந்தப் படத்தின் நிழல்கள் மோஸ்க்வினுடையவை. அவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் பாகத்தில் ஒரு காட்சி. இங்கிலாந்துக்குத் தூது போகப்போகும் நெப்பேயாவிடம் இவான் பேசுகிறார். சுவரில் அவருடைய தலையின் நிழல் கூரை உயரத்துக்கு எழுகிறது. பக்கத்தில் வளையங்களால் ஆன வானக்கோளம் ஒன்றின் நிழல். மனிதர்கள் கீழே சின்னதாக நிற்கிறார்கள், மேலே நிழல் உலகத்தையே ஆள்வதுபோல இருக்கிறது. இப்படி ஒரு நிழல் விழ என்ன செய்ய வேண்டும்? விளக்கு சிறியதாகவும், மறைப்புத் துணி போடாததாகவும் இருக்க வேண்டும். பெரிய விளக்கு என்றால் நிழலின் ஓரம் கரைந்துவிடும். விளக்குக்கு 1 மீட்டரில் நடிகரும் 4 மீட்டரில் சுவரும் இருந்தால், நிழல் நடிகரைப்போல 4 மடங்கு. அவர் விளக்கை நோக்கி அரை மீட்டர் நகர்ந்தால் அது 8 மடங்காகி, சட்டகத்தைவிட்டு வெளியே போய்விடும். முகம் தெரிய வேண்டும் என்று இன்னொரு விளக்கைச் சேர்த்தால், அதன் ஒளி சுவரில் கொஞ்சம் பட்டாலும் நிழல் வெளுத்துவிடும். அதனால் முகத்துக்குத் தனி விளக்கு, சுவருக்கு அந்த ஒளி போகாமல் தடுப்பு, நடிகரின் காலுக்குத் தரையில் குறி என்று எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு நிழல்.

செர்காசோவ் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்புகளில் இதைப் பற்றிக் குறைபட்டிருக்கிறார். உடலை வருத்தி முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது, சட்டகத்தின் அழகுக்காக நடிகனின் இயல்பு பலியானது என்பது அவர் வாதம். நடிகராக அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் திரையில் பார்க்கும்போது, அந்த முறுக்கம்தான் பாத்திரமாக மாறியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஐசன்ஸ்டீன் காட்சிகளை முன்கூட்டியே வரைந்து வைப்பவர். இந்தப் படத்துக்காக அவர் வரைந்த ஓவியங்கள் மிக ஏராளம். கழுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், தாடி எந்தக் கோணத்தில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுவரை அவற்றில் இருக்கிறது. ஒப்பனைக் கலைஞர் கொர்யூனவ் அந்த ஓவியங்களுக்குத் தக்கபடி முகத்தை வளர்த்துக்கொண்டே போனார். முடிசூட்டு விழாவில் இளமையான, உருண்ட முகம். போகப்போகத் தாடி கூராகி, கன்னம் ஒட்டி, மூக்கு வேட்டைப் பறவையின் அலகாகிறது.

அரங்கங்களை அமைத்தவர் இயோசிஃப் ஷ்பினெல். அரண்மனை என்றால் உயரமான வாசல்களை எதிர்பார்ப்போம். இங்கே வாசல்கள் தாழ்ந்தவை. ஜார் உட்பட யாராக இருந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். நல்ல உயரமான செர்காசோவ் அந்த வளைவுக்குள்ளிருந்து வெளிப்படும்போது பொந்திலிருந்து ஏதோ வருவதுபோல இருக்கும். சுவர்களில் பெரிய பெரிய சுவரோவியங்கள், அவற்றின் கண்கள் எப்போதும் கீழே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒட்டுக்கேட்பதும் ஒளிந்து பார்ப்பதும்தான் இந்த அரண்மனையின் அன்றாடம். அதைச் சொல்ல வசனமே தேவைப்படவில்லை.

முதல் பாகம் 1547 முடிசூட்டு விழாவில் தொடங்குகிறது. நீண்ட நேரம் இவானின் முகத்தைக் காட்டுவதில்லை. முதுகு, கைகள், கிரீடம். பிறகுதான் அவர் திரும்புகிறார். அப்போது நண்பர்கள் இருவர், கூர்ப்ஸ்கியும் கொலிச்செவும், அவர் தலைமேல் பொற்காசுகளை மழையாகக் கொட்டுகிறார்கள். அந்த இருவரையும் குறித்துக்கொள்ளுங்கள். படம் போகப்போக ஒருவர் எதிரி நாட்டுக்குப் போய்விடுவார். மற்றவர் துறவியாகி, பிறகு திருச்சபைத் தலைவர் பிலிப்பாகத் திரும்பி வந்து ஜாரை எதிர்த்து நிற்பார்.

அடுத்து கசான் முற்றுகை, 1552. அல்மா-அதாவுக்கு அருகே எடுக்கப்பட்டது. கோட்டைச் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி, வெடிமருந்துப் பீப்பாய்கள்மேல் மெழுகுவத்தி ஏற்றி வைக்கிறார்கள். மேலே இவான் பொறுமை இழந்து பீரங்கிக்காரர்கள்மேல் சீறுகிறார், கீழே மெழுகுவத்தி மெதுவாக எரிகிறது. இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டும் தொகுப்பு, ‘பொட்டெம்கின் போர்க்கப்பல்’ என்ற பழைய மௌனப் படத்தை எடுத்த காலத்து ஐசன்ஸ்டீனை நினைவூட்டும். ஆனால் மொத்தப் படத்தில் இந்த வேகம் அபூர்வம். மற்ற இடங்களில் அவர் வேறொரு இயக்குநர். ஷாட்டுகள் நீளமானவை, அசைவு குறைவு, இசை அதிகம்.

முதல் பாகத்தின் உச்சம் என்று நான் கருதுவது மனைவி அனஸ்தாசியாவின் சவப்பெட்டிக் காட்சி. இருண்ட தேவாலயம். பெட்டியைச் சுற்றி இவான் சாய்ந்தும் மண்டியிட்டும் சுருண்டும் கிடக்கிறார். ஒரு பக்கம் பேராயர் பீமென் வேதாகமத்தின் சங்கீதத்தைப் படிக்கிறார்: அழுது களைத்தவனின் புலம்பல். இன்னொரு பக்கம் ஜாரின் விசுவாசக் கையாள் மல்யூத்தா, எந்தெந்தப் பிரபு துரோகம் செய்து ஓடிப்போனான் என்று அறிக்கை படிக்கிறார். இரண்டு குரல்களும் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுகின்றன. ஷாட்டுக்கு ஷாட் இவான் பெட்டியின் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பது மாறிக்கொண்டே இருக்கும், நடுவில் அவர் நகர்ந்ததைக் காட்டியிருக்க மாட்டார்கள். தொகுப்பு விதிப்படி இது பிழை. ஆனால் மனம் ஒரு நிலையில் நிற்காத மனிதனைக் காட்ட அந்தப் பிழையே பயன்படுகிறது. துக்கம் கோபமாகி, கோபம் கொள்கையாகி, கடைசியில் இவான் எழுந்து முழங்குகிறார்: இரண்டு ரோம்கள் வீழ்ந்தன, மூன்றாவது நிற்கிறது, நான்காவது இருக்காது. மூன்றாவது ரோம் என்று அவர் சொல்வது மாஸ்கோவை. ஒரு மனிதனின் சொந்த வலி அரசாங்கத்தின் வன்முறைக்குக் காரணமாகும் கணம் அது. பரிசு கொடுத்தவர்கள் முழக்கத்தை மட்டும் கேட்டார்கள்.

முதல் பாகத்தின் கடைசிச் சட்டகம் உலகப் புகழ் பெற்றது. அலெக்சாந்த்ரவ் ஊருக்கு விலகிப்போய் உட்கார்ந்த ஜாரைத் திரும்பி வரச்சொல்லிக் கெஞ்ச, மாஸ்கோ மக்கள் பனியில் வளைந்து வளைந்து ஊர்வலமாக வருகிறார்கள். வளைவின் ஓரத்தில் இவானின் பக்கவாட்டு முகம், சட்டகத்தின் பாதியை அடைத்துக்கொண்டு. கூர்தாடிக்குக் கீழே மக்கள் ஒரு கோடு. பார்ப்பவர்களுக்கு அது கம்பீரம். அதே உருவத்தில் மிரட்டலும் இருக்கிறது என்பது இரண்டாம் பாகம் பார்த்த பிறகு உறைக்கும்.

இரண்டாம் பாகத்துக்கு வருவோம். இதில் வரும் சிறுவயதுக் காட்சிகளை ஐசன்ஸ்டீன் உண்மையில் முதல் பாகத்தின் முன்னுரையாகத்தான் எழுதினார். அதிகாரிகள் வேண்டாம் என்றதும், இங்கே கொண்டுவந்து பொருத்தினார். அந்த மாற்றம் படத்துக்கு நன்மையாகவே முடிந்தது. சிம்மாசனத்தில் அமர்ந்த சிறுவனின் கால்கள் தரைக்கு எட்டாமல், வைக்க இடம் தேடித் துழாவுகின்றன. பிரபுக்கள் அவனைப் பொருட்படுத்தாமல் நாட்டைப் பேரம் பேசுகிறார்கள். ஒருநாள் அவன் முதல் ஆணையைக் கத்துகிறான்: இவனைப் பிடியுங்கள். அந்தக் குரலில் இருக்கும் பயம் வளர்ந்த இவானிடமும் கடைசிவரை இருக்கிறது.

பிறகு, முதல் பாகத்தில் கண்டவை ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திரும்பி வருகின்றன. அனஸ்தாசியாவுக்கு இவானின் அத்தை எஃப்ரோசினியா நஞ்சு கொடுத்த கிண்ணம், அவளுக்கே இவான் அனுப்பும் பரிசாக வருகிறது. மூடியை எடுத்துப் பார்த்தால் வெறும் கிண்ணம். எஃப்ரோசினியாவாக நடித்த செராஃபிமா பிர்மன் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு செய்வதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கொலிச்செவ் குடும்பத்தாரின் தலைகளை மல்யூத்தா வெட்டுகிறார். இவான் முற்றத்துக்கு இறங்கி வந்து உடல்களைப் பார்க்கிறார். தொப்பியைக் கழற்றுகிறார், சிலுவைக்குறி இடுகிறார். வருந்துகிறாரோ என்று நாம் நினைக்கும்போது ஒரே ஒரு சொல் வருகிறது: போதாது.

தேவாலயத்தில் ஒரு நாடகம் நடக்கிறது. கொடிய மன்னன் மூன்று இளைஞர்களைத் தீச்சூளையில் எறிந்த பழைய ஏற்பாட்டுக் கதை. பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு குழந்தை, ஜாரைக் கண்டு, அந்தக் கொடிய ராஜா இவர்தானா என்று கேட்டுச் சிரிக்கிறது. இவான் முகம் மாறுகிறது. நீங்கள் என்னை எப்படி அழைக்கிறீர்களோ, இனி அப்படியே ஆவேன் என்கிறார்.

இனி விருந்துக் காட்சி. கறுப்பு வெள்ளையில் ஓடிக்கொண்டிருந்த படம் இங்கே திடீரென்று வண்ணமாகிறது. ஜெர்மானியரிடமிருந்து போரில் கைப்பற்றிய அக்ஃபாகலர் ஃபிலிம் இது. மாஸ்கோ திரும்பிய பிறகு 1945இல் எடுத்தார்கள். ஹாலிவுட்டின் டெக்னிகலருக்கு மூன்று ஃபிலிம் சுருள்கள் ஒன்றாக ஓடும் தனிக் கேமரா வேண்டும். அக்ஃபாகலரில் மூன்று வண்ண அடுக்குகளும் ஒரே ஃபிலிமில் இருந்ததால் சாதாரணக் கேமராவே போதும். ஆனால் வண்ணங்கள் நினைத்தபடி வராது, சிவப்பு எளிதில் மிகையாகும். எல்லா வண்ணமும் இயல்பாக வர வேண்டும் என்று போராடாமல், ஐசன்ஸ்டீன் வண்ணங்களைக் குறைத்துவிட்டார். சிவப்பு, பொன், கறுப்பு, கொஞ்சம் நீலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. பொன்னிற அங்கிகளோடு களிப்பு தொடங்குகிறது, சிவப்பு வெறியேற்றுகிறது, கடைசியில் ஒப்ரிச்னிக்குகள் என்ற ஜாரின் தனிப்படையினர் பொன்னுக்கு மேல் கறுப்புத் துறவாடை போர்த்திக்கொண்டு கிளம்பும்போது திரையே இருண்டுபோகிறது.

இங்கே செர்கெய் புரோகோஃபியெவின் இசையை முதலில் பதிவு செய்து, அதை ஒலிக்கவிட்டு ஆட்டத்தைப் படமாக்கினார்கள். நம் ஊர்ப் பாடல் காட்சிகள் எடுக்கப்படும் அதே முறை. தனிப்படையைச் சேர்ந்த இளைஞன் ஃபியோதர் பஸ்மானவ் பெண்ணின் முகமூடியும் உடையும் அணிந்து நடுவில் பாடுகிறான். கவிஞர் லுகோவ்ஸ்கோய் எழுதிய பாட்டு: பிரபுக்களின் வீட்டுக்குள் விருந்தாளிகள் நுழைந்தார்கள், கோடரிகள் விளையாடின, வீட்டைக் கொளுத்து, கொளுத்து. கேட்கத் துள்ளலாக இருக்கும், சொல்வதெல்லாம் கொலையும் கொள்ளையும். காலால் தரையை உதைக்கும் தாளத்துக்கு ஷாட்டுகள் வெட்டப்பட்டிருப்பதால், பார்ப்பவரின் உடலும் அதில் சேர்ந்துகொள்கிறது. கூட்டு வன்முறையின் கவர்ச்சியை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படங்கள் மிகக் குறைவு.

இந்த ஆரவாரத்தின் நடுவே எஃப்ரோசினியாவின் மகன் விளாதீமிர் குடித்துவிட்டு இவான் மடியில் சாய்ந்து, தன்னை ஜாராக்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று உளறுகிறான். இவான் விளையாட்டுப்போலத் தன் கிரீடத்தையும் அங்கியையும் அவனுக்கு அணிவிக்கிறார், சிம்மாசனத்தில் உட்காரவைத்துக் குனிந்து வணங்குகிறார். முதல் பாகத்தின் முடிசூட்டு விழா இங்கே கேலிக்கூத்தாகத் திரும்புகிறது. பிறகு தேவாலயத்துக்குப் போகலாம், ஜார் முன்னால் போகட்டும் என்கிறார். மகனை ஜாராக்க எஃப்ரோசினியா ஏவிய கொலையாளி, இருட்டில் காத்திருந்து, ஜார் என்று நினைத்து விளாதீமிரைக் குத்துகிறான். வெற்றிக் களிப்போடு ஓடி வந்த தாய், உடலைப் புரட்டிப் பார்க்கிறாள். இவான் கொலையாளியை விடுவிக்கச் சொல்கிறார்: ஜாரின் மிகப்பெரிய எதிரியைக் கொன்றவன் அவன்.

வரலாற்றில் இப்படி நடக்கவில்லை. உண்மையான விளாதீமிர் ஸ்தாரித்ஸ்கி படை நடத்தியவர், குடும்பஸ்தர். 1569இல் இவானின் உத்தரவால் நஞ்சு குடிக்கவைக்கப்பட்டு இறந்தார். எஃப்ரோசினியாவும் அதே ஆண்டு கொல்லப்பட்டார். ஐசன்ஸ்டீன் காலத்தைச் சுருக்கி, ஆட்களை மாற்றிக் கதை செய்திருக்கிறார். வரலாற்றுப் பாடமாக இந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது.

இரண்டாம் பாகத்தின் தொகுப்பு முடிந்த கையோடு, 1946 பிப்ரவரி 2ஆம் தேதி, பரிசுக்கான கொண்டாட்ட விருந்தில் ஐசன்ஸ்டீனுக்கு மாரடைப்பு வந்தது. அவர் மருத்துவமனையில் இருந்தபோதே படம் மேலிடத்தில் திரையிடப்பட்டது. செப்டம்பர் தீர்மானம் முக்கியமாக வேறொரு படத்தைக் கண்டித்து எழுதப்பட்டது. அதில் இந்தப் படத்துக்கும் சில வரிகள். ஒப்ரிச்னிக்குகளை அமெரிக்காவின் கு கிளக்ஸ் கிளான் என்ற இனவெறிக் கும்பல்போலக் காட்டிவிட்டார், உறுதிமிக்க இவானை ஹாம்லெட்போலத் தடுமாறுபவராக்கிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. படத்தைக் கவனமாகப் பார்த்தவர்கள் எழுதியது அது, தவறாகப் புரிந்துகொண்டவர்கள் எழுதியதல்ல.

1947 பிப்ரவரி 25 இரவு ஐசன்ஸ்டீனையும் செர்காசோவையும் கிரெம்ளினுக்கு அழைத்தார்கள். ஸ்டாலின், மோலோத்தவ், ஷ்தானவ் மூவரும் இருந்தார்கள். அந்தப் பேச்சின் பதிவு கிடைத்திருக்கிறது. தாடி நீளம், முத்தம் நீளம், நிழல்கள் அதிகம் என்றெல்லாம் குறை சொன்னார்கள். இவான் கொடுமை செய்தார் என்று காட்டலாம், ஏன் அது தேவைப்பட்டது என்றும் காட்ட வேண்டும் என்றார் ஸ்டாலின். ஐந்து பெரிய பிரபுக் குடும்பங்களை முழுதாக ஒழிக்காமல் விட்டதுதான் இவான் செய்த தவறு என்றும் சொன்னார். உடல்களைப் பார்த்துப் ‘போதாது’ என்று சொன்ன திரை இவானை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். அதைப் படம்பிடித்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

திருத்தித் தர அனுமதி கிடைத்தது. ஐசன்ஸ்டீன் ஒரு ஷாட்டைக்கூட மாற்றவில்லை. 1948 பிப்ரவரியில், 50 வயதில் இறந்தார். புரோகோஃபியெவும் ஸ்டாலினும் 1953 மார்ச் 5 என்ற ஒரே நாளில் இறந்தார்கள். இரண்டாம் பாகம் 1958இல்தான் வெளிவந்தது.

இடையில், 1951இல், செர்காசோவ் இந்தியாவுக்கு வந்து சென்றார். உடன் வந்தவர் இயக்குநர் புதோவ்கின். முதல் பாகத்தில் சங்கிலி பூட்டிய பித்தனாக வந்து கூட்டத்தைக் கிளப்பிவிடுபவர் அந்தப் புதோவ்கின்தான் என்பது பலருக்குத் தெரியாது.

மூன்றாம் பாகத்துக்கு எடுக்கப்பட்ட காட்சிகள் அழிக்கப்பட்டுவிட்டன. ஒரு ஜெர்மானியனை இவான் விசாரிக்கும் சில நிமிடத் துண்டும், இங்கிலாந்து ராணி எலிசபெத் வேடத்தில் இயக்குநர் மிகயில் ரோம் நடித்த ஒத்திகைப் பதிவும் மிஞ்சியிருக்கின்றன. திரைக்கதை முழுதாக இருக்கிறது. நோவ்கரத் நகரில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை ஒரு துறவி வாசிக்க, இறுதித் தீர்ப்பு ஓவியத்துக்குக் கீழே இவான் விழுந்து கிடக்கும் காட்சி அதில் உண்டு.

பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். இரண்டு பாகமும் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒரே வாரத்துக்குள் இரண்டையும் பார்த்துவிடுங்கள், இடைவெளி கூடினால் திரும்பி வரும் உருவங்கள் பிடிபடாது. அறை இருட்டாக இருக்கட்டும், தொலைக்காட்சியில் வெளிச்சத்தைக் கூட்டி வைக்காதீர்கள். கூட்டினால் மோஸ்க்வினின் கறுப்பு சாம்பலாகிவிடும். வசனம் நாடகத்தனமாகத் தெரிந்தால் முதல் இருபது நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். நடிப்பை இயல்பு வாழ்க்கையோடு ஒப்பிடாமல் இசையோடு சேர்த்துப் பார்க்கத் தொடங்கினால் தடை விலகிவிடும். விருந்துக் காட்சியை மட்டும் இரண்டு முறை பாருங்கள், இரண்டாம் முறை பாட்டைக் கேட்காமல் ஆட்டத்துக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் இவானின் கண்களை மட்டும் கவனியுங்கள்.

நன்றி, வணக்கம்.